வைத்தியக் கலாசாலையின் வாயில்

ஆண்டுதோறும் ஆவணி பிறந்ததும் நம் கல்லூரியின் விலங்கியல் முதலாண்டு வகுப்பிலே பெஞ்சுகள் சில வெறுமையாகிவிடுவதை ஆசிரியர்களும் மாணவரும் கண்டிருப்பர். ஆனி மாதத்திலே புத்தகமும் கையுமாய் வந்து சேர்ந்த நண்பருட் சிலர் வைத்தியக் கலாசாலையில் இடம் பெற்று மகிழ்ச்சியோடு விடைபெறுகின்றனர். அவர்களை யாம் வாழ்த்தி வழியனுப்புகின்றோம். வேறு சிலரோ இடம் ஒன்றும் பெறாமலே, இன்னும் ஓராண்டு படித்துப் பார்ப்போம் என்று, கட்டிய கட்டணத்தையும் கைவிட்டுப் பயிற்சி நிலையங்களை நாடிச் செல்கின்றனர். அவர்களை வழியனுப்புவார் இலர். விடுதிக் காவற்காரரிடம் மட்டும் சொல்லிக்கொண்டு பெட்டியைத் தூக்கிச் சென்றுவிடுகின்றனர். ஆசிரியர் வருகைப் பதிவேட்டிலே அவர்தம் பெயரின்மேல் ஒரு கோடு இழுத்துவிட்டுப் பாடத்தைத் தொடர்கின்றார். அவ்வாறு பெயரடிக்கப்பட்டோர் பொருட்டே இதனை எழுதப் புகுந்தோம்.

தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் உமக்கு வைத்தியக் கலாசாலையின் கவலை எதற்கு என வினவுவார் உளராகலாம். வினவட்டும். யாமும் பள்ளி இறுதியாண்டு முடிந்தபொழுது அப்பரீட்சையை ஒருமுறை எழுதினவர்களே. மூன்று மணி நேரம், 180 வினா, 720 மதிப்பெண். சரியான விடைக்கு நான்கு கூடும், பிழைக்கு ஒன்று குறையும். எமக்கு இடம் கிட்டவில்லை. மறுமுறை எழுதென்று எந்தையார் சொன்னார். சொல்லிவிட்டு, பயிற்சி நிலையத்தார் கேட்ட தொகையை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு இரண்டு நாள் ஒன்றும் பேசாதிருந்தார். மூன்றாம் நாள் யாமே தமிழ் படிக்க விரும்புகின்றோம் என்றோம். அது மெய்யான விருப்பமே. எட்டாத பழம் புளிக்கும் என்ற கதையாக இதனைக் கொள்வார் கொள்க. ஆயினும் ஊரிலுள்ள உறவினர் இன்றுங்கூடத் 'தமிழா? மார்க்குப் போதவில்லையோ?' என்று இரக்கத்தோடு கேட்கும்பொழுது, எந்த வாயிலில் யாம் நின்று திரும்பினோமோ அந்த வாயிலைப்பற்றிச் சில கூறுதல் எமக்குரிய கடனே என்று தோன்றுகின்றது.

அவ்வாயில் என்றும் அகலமாய் இருந்ததன்று. சென்னையிலே 1835ஆம் ஆண்டு வைத்தியப் பள்ளி தொடங்கியது. அங்குப் பெண்கள் புக நாற்பதாண்டு செல்ல வேண்டியிருந்தது. 1875ஆம் ஆண்டில் மேரி ஷார்லீப் அம்மையாரும் வேறு மூன்று மாதரும் சேர்க்கப்பட்டனர். புதுக்கோட்டையினின்று சென்ற முத்துலட்சுமி அம்மையார் 1907இல் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றார். பின்னர், இருக்கும் சில இடங்களை எவ்வெவ் வகுப்பார்க்கு எத்துணை பங்கிடுவது என்னும் வழக்கு எழுந்தது. ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்கட்கு 6, பிற்பட்ட இந்துக்கட்கு 2, பிராமணர்க்கு 2, அரிசனங்கட்கு 2, ஆங்கிலோ இந்தியர்க்கும் இந்தியக் கிறிஸ்தவர்க்குமாக 1, முஸ்லிம்கட்கு 1 என்று சென்னைச் சர்க்கார் வகுத்திருந்த ஆணையைச் சுப்ரீம் கோர்ட்டு 1951ஆம் ஆண்டில் செண்பகம் துரைராஜன் வழக்கிலே செல்லாதென்றது. அவ்வாண்டே அரசியல் சட்டத்தின் முதலாம் திருத்தம் வந்து, பிற்பட்டோர்க்கு இடம் ஒதுக்கும் அதிகாரத்தைச் சர்க்காருக்கு மீட்டளித்தது. நம் குடியரசின் சட்டம் முதன்முதல் திருத்தப்பட்டதற்கு ஒரு காரணம் வைத்தியக் கலாசாலை இடமே என்பதனை நம் நண்பர் பலர் அறியார்.

நிற்க. இக்காலத்துச் செய்திக்கு வருவோம். தமிழ்நாட்டில் 1984 முதல் மாநில நுழைவுத் தேர்வு ஒன்று நடந்துவந்தது. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது நீங்கி, 2007 முதல் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் ஒன்றே அளவாயிற்று. 'நீட்' என்னும் அகில இந்தியப் பரீட்சை 2013இல் ஒருமுறை நடந்து, அவ்வாண்டே நீதிமன்றத்தால் நீக்கப்பட்டு, 2016இல் மீண்டும் உயிர்பெற்றது. தமிழ்நாட்டிற்கு அவ்வாண்டு மட்டும் விலக்குக் கிடைத்தது. 2017இல் அதுவும் இல்லை. அரியலூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலே கூலி வேலை செய்வார் ஒருவரின் மகள், 1200க்கு 1176 பெற்றிருந்தும் அவ்வாண்டு இடம் பெறாமல், செப்டம்பர் முதல் நாளில் மாண்டாள். அப்பெண்ணைப்பற்றி மேடைகளிலே எத்தனையோ பேர் பேசினர். யாம் அப்பொழுது தொடக்கப் பள்ளியில் இருந்தோம். எம் பாட்டியார் வானொலியை நிறுத்திவிட்டுச் சற்றுநேரம் வாளாவிருந்தது நினைவிலுள்ளது. அவ்வரியலூரிலே 2022ஆம் ஆண்டு சனவரியில் திறக்கப்பட்ட 11 அரசு வைத்தியக் கல்லூரிகளுள் ஒன்று இப்பொழுது நிற்கின்றது.

பழைய முறை பொற்காலம் என்று பேசுவாரோடு யாம் முற்றும் உடன்படோம். மதிப்பெண் ஒன்றே அளவாயிருந்த அப்பத்தாண்டில் நாமக்கல் பக்கத்து உறைவிடப் பள்ளிகள் செய்தது யாது? பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே விட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தை ஈராண்டும் மனப்பாடம் செய்வித்தன. அவற்றைக் கோழிப்பண்ணைகள் என்று மக்கள் ஏளனமாய்ப் பெயரிட்டு அழைத்தனர். அழைத்துக்கொண்டே தம் பிள்ளைகளை அங்குக் கொண்டுபோய் விட்டனர். அரசுப் பள்ளியில் தமிழ்வழி பயின்ற பிள்ளைகள் அக்காலத்தும் மிகச் சிலரே வைத்தியக் கலாசாலையுட் சென்றனர். ஆகவே வறியவன் முன்னும் வெளியிலே நின்றான். பின்னும் வெளியிலே நிற்கின்றான். இடையிலே மாறியது வாயிற்காவலன் கேட்கும் கையூட்டின் வகையே.

அக்கையூட்டு இப்பொழுது காலம் என்னும் உருவில் வாங்கப்படுகின்றது. இதனைச் சற்று விரித்துரைக்க வேண்டும். சென்னை உயர்நீதிமன்ற முன்னாள் நீதிபதி ஏ. கே. இராஜன் அவர்கள் தலைமையில் 2021ஆம் ஆண்டில் அமைந்த குழுவின் அறிக்கை, இடம் பெற்றோருள் மறுமுறை எழுதினவர் 2016-17இல் நூற்றுக்கு 12 பேர்க்குச் சிறிது மேற்பட்டிருந்து, 2020-21இல் 71 பேர்க்கு மேல் ஆயினர் என்று காட்டியது. இதன் பொருள் யாது? பள்ளியை முடித்து அப்படியே பரீட்சை எழுதும் பதினேழு வயதுப் பிள்ளை, ஈராண்டு மூவாண்டு அதே பாடத்தை அரைத்தவரோடு ஓடவேண்டும் என்பதே. மறுமுறை எழுதுதல் குற்றமன்று. ஆனால் அந்த ஓராண்டு யாருக்குக் கிடைக்கும்? மகன் ஓராண்டு சம்பாதியாமல் வீட்டிலிருக்கவும், பயிற்சிக்கும் விடுதிக்கும் இலட்சத்திற் பணம் கட்டவும் வல்ல குடும்பத்தார்க்கே கிடைக்கும். பெண் பிள்ளையாயின் பல வீடுகளிலே அந்த ஓராண்டுக்குள் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவர். ஆக, ஓராண்டு ஓய்வு என்பது கடையிலே விலைக்கு வாங்கும் பொருளாயிற்று. அதனை வாங்க வல்லார் வாங்குகின்றனர்; ஒருமுறைக்கு இருமுறையும் வாங்குகின்றனர். வயது வரம்பும் 2022இல் எடுபட்டது. எத்தனை முறை எழுதலாம் என்பதற்கோ எல்லை வகுக்கப்படவில்லை.

ஐ.ஐ.டி.களிற் புகுவோர்க்குரிய மேனிலைப் பரீட்சையை இருமுறைக்கு மேல் எழுதலாகாது என்பது விதி. அவ்விதி பொறியியலுக்குத் தகுமாயின் மருத்துவத்திற்கு ஏன் தகாது? வறிய பிள்ளைக்கும் இரண்டாம் முயற்சி வேண்டும் என்பது உண்மையே. அதனாலேயே ஒருமுறை என்னாமல் இருமுறை என்கின்றோம். மூன்றாவது, நான்காவது முயற்சி வறியவனுக்கு எட்டுவதில்லை. அவற்றை மூடினால் இழப்பவன் அவன் அல்லன். நீட்டை நீக்குவதா நிறுத்துவதா என்னும் வழக்கோ பல்லாண்டாக ஓய்ந்தபாடில்லை. தமிழ்நாட்டுச் சட்டசபை 2021இல் ஒருமுறையும் 2022இல் மறுமுறையும் நிறைவேற்றிய மசோதாவிற்குக் குடியரசுத் தலைவர் இசைவு அளிக்கவில்லை என்று 2025ஆம் ஆண்டு ஏப்ரலிலே முதலமைச்சர் சபையில் அறிவித்தார். அவ்வழக்கு ஓயும்வரை காத்திராமல் செய்யத்தக்க சீர்திருத்தங்களைப்பற்றி இரு கட்சியாரும் வாய் திறவாமை எமக்கு வியப்பளிக்கின்றது.

பரீட்சை தகுதியைக் காக்கின்றது என்பார்க்கும் ஒரு வினா உண்டு. 2025ஆம் ஆண்டில் 22 இலட்சத்திற்கு மேற்பட்டோர் எழுதினர். பொதுப் பிரிவினர்க்குத் தகுதி மதிப்பெண் 720க்கு 144, அதாவது ஐந்தில் ஒன்று. நம் பள்ளிகளிலே நூற்றுக்கு 20 எடுத்தவனைத் தேறினவன் என்று யாரும் சொல்லார். அம்மதிப்பெண் எடுத்தவனுக்கு அரசுக் கல்லூரியில் இடமில்லை என்பது மெய். ஆனால் ஆண்டுக்கு இருபது இலட்சத்திற்கு மேல் கட்டணம் வாங்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் கதவைத் தட்ட அவனுக்குச் சீட்டுக் கிடைத்துவிடுகின்றது. அவனினும் இருமடங்கு மதிப்பெண் பெற்ற நெசவாளியின் மகன் பேருந்திலேறி ஊர் திரும்புகின்றான். தகுதி காக்கப்பட்டது யாண்டு? 2024ஆம் ஆண்டு நிகழ்ந்தவற்றை விரிக்கப் புகின் இக்கட்டுரை நீளும். 67 பேர் முழு மதிப்பெண் பெற்றதாக முதலில் அறிவித்துத் திருத்திய பின்னர் 17 பேர் என்றாக்கியதும், பீகாரிலும் சார்க்கண்டிலும் வினாத்தாள் முன்னரே வெளிப்போந்ததும் நாடறிந்தவை.

நம் மாநிலத்தார் செய்த நல்ல செயல் ஒன்றைப் பாராட்டாது விடலாகாது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியிற் பயின்றோர்க்கு நூற்றுக்கு 7.5 இடம் என்று 2020ஆம் ஆண்டிலே சட்டம் செய்தனர். தனியார் கல்லூரியில் இடம் கிடைப்பினும் அவர்கட்குரிய கட்டணத்தைச் சர்க்காரே ஏற்பதாகவும் அறிவித்தனர். அதற்கு முன் ஒரு மாவட்டத்திற்கு ஒருவரும் இல்லாத நிலை இருந்தது. பின் ஆண்டுதோறும் சில நூற்றுவர் புகலாயினர். இஃது எத்துணைப் பெரிய காரியம் என்பதைச் சிற்றூரிலே பிறந்தவரே அறிவர்.

ஆயினும் இவ்விடத்திலே எமக்கு ஒரு மனக்குறை உண்டு; அதனை மறையாது கூறுவோம். அச்சட்டம் அரசு உதவி பெறும் பள்ளிகளைச் சேர்த்திலது. யாம் பயின்றது அத்தகைய மிஷன் பள்ளி. அதற்கு எதிர்த் தெருவிலே அரசு மேனிலைப் பள்ளி. இரண்டிலும் பீடி சுற்றுவார் பிள்ளைகள், கல்லுடைப்பார் பிள்ளைகள். இரண்டிலும் அதே பாடப் புத்தகம், அதே சத்துணவு. ஆசிரியர்க்குச் சம்பளம் அளிப்பதும் அதே கருவூலம். ஒரு வீட்டிலே அண்ணனைத் தெருவின் இப்புறமும் தங்கையை அப்புறமும் சேர்த்திருப்பர். தாய் தண்ணீர்க் குழாய்க்குப் போகும் வழியில் எது பக்கமோ அதுவே காரணமாயிருக்கும். அண்ணனுக்கு அந்த ஒதுக்கீடு இல்லை, தங்கைக்கு உண்டு. எம் வகுப்பிலே முதலாவதாக நின்ற பெண், எதிர்த் தெருவில் இடம் பெற்ற மாணவனைவிட மதிப்பெண் மிகுதியாக வாங்கியும் இடம் பெறவில்லை. அவள் இப்பொழுது மருந்துக்கடை ஒன்றிலே கணக்கெழுதுகின்றாள். உதவி பெறும் பள்ளிகளுள் வசதியுள்ள நகரப் பள்ளிகளும் உள என்று மறுப்பர். இருக்கட்டும், அவற்றை வருமான அளவால் விலக்கலாம். தெருவின் அகலத்தைக் கொண்டு வறுமையை அளப்பது முறையன்று என்பதே எம் கருத்து.

இனி, எம் துறைக்கே உரிய செய்தி ஒன்று. 2018ஆம் ஆண்டிலே தமிழில் அப்பரீட்சை எழுதினோர் ஏறத்தாழ 24,000 பேர். அவர்கள் கையிற் கொடுத்த வினாத்தாளில் 49 வினாக்களின் மொழிபெயர்ப்புப் பிழையுடையது என்று வழக்கெழுந்தது. 180இல் 49 என்றால் நான்கில் ஒரு கூற்றுக்கு மேல். சீட்டா என்னும் விலங்கின் பெயரைச் 'சீத்தா' என்று அச்சிட்டிருந்தனர். காட்டிலே ஓடும் விலங்கைத் தேடிய பிள்ளை மரத்திலே தொங்கும் பழத்தைக் கண்டு திகைத்தது! சிறுத்தை என்று பெயர்த்தாலும் வழு நீங்காது, அது வேறொரு விலங்கிற்கும் வழங்குதலின். சிவிங்கி என்ற சொல் நம்மிடம் இருக்கின்றதே! மதுரை உயர்நீதிமன்றக் கிளை அவ்வாண்டு சூலையில் ஒவ்வொருவர்க்கும் 196 மதிப்பெண் கூட்டுக என்றது. சுப்ரீம் கோர்ட்டு நவம்பரில் அதனைத் தள்ளியது. மொழிபெயர்ப்பில் ஐயம் எழின் ஆங்கில மூலமே முடிவானது என்பது பரீட்சை நடத்துவாரின் விதி. ஆங்கிலம் அறியாததனாலன்றோ அப்பிள்ளை தமிழை நாடிற்று? வழி தெரியாதவனிடம், ஐயம் வந்தால் வழி தெரிந்து நடக்க என்பது போலும் இது.

இதனைக் கேட்டு, மருத்துவ நூலுக்குத் தமிழ் தாங்காது என்று தலையசைப்பார் நம்மவருள்ளும் உளர். அவர்கட்கு மானிப்பாயை நினைவூட்டுவோம். அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் ஐயர் 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து, முதலில் ஆங்கிலத்திலும் 1864 முதல் தமிழிலுமாக மருத்துவம் கற்பித்தார். தம் மாணாக்கர் துணைகொண்டு இரண வைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதம் 1872இலும், கெமிஸ்தம் 1875இலும் வெளிவரச் செய்தார். எலும்பும் நரம்பும் தமிழ்ப் பெயரோடு நின்றன. தமிழிற் கற்றவர் தம் ஊரிலே தங்குவர், பட்டணத்து உத்தியோகம் தேடி ஓடார் என்பதும் அவர் கணக்கு. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன், வேற்று நாட்டார் ஒருவர், ஓர் ஊரிலிருந்துகொண்டு செய்ததை, பல்கலைக்கழகங்கள் பல உடைய நாம், ஒரு வினாத்தாளை வழுவின்றிப் பெயர்க்கும் அளவிற்கேனும் செய்தல் கூடாதோ? தமிழ்த்துறையாரும் அறிவியல் துறையாரும் ஒரே வாயிலில் நுழைந்து இரு மாடிகளுக்குப் பிரிந்து செல்லும் நம் கட்டிடத்திலே, இதுகாறும் எத்தனை முறை அவர்கள் ஒரு மேசையில் அமர்ந்தனர்?

கிறிஸ்தவ நண்பர்கள் வேலூரைப்பற்றி யாம் ஒன்றும் சொல்லவில்லையே என்பர். ஐடா ஸ்கடர் அம்மையார் 1918இல் பெண்கட்கு மருத்துவப் பள்ளி தொடங்கியதும், 1947இல் ஆடவரும் சேர்க்கப்பட்டதும் ஞாயிறு பள்ளியிலேயே கேட்டவை. எழுத்துப் பரீட்சையோடு நில்லாமல் ஆளையும் நேரிற்கண்டு, திருச்சபைகள் அனுப்பும் மாணவரிடம் ஈராண்டு மிஷன் ஆஸ்பத்திரியில் உழைக்க உறுதி வாங்கி, இடம் கொடுத்த கல்லூரி அது. 2017இல் தன் முறையைக் கைவிட மனமின்றி 100 இடங்களில் ஒன்றே ஒன்றை நிரப்பியது. 2020ஆம் ஆண்டு ஏப்ரலிலே, சிறுபான்மையோர் கல்லூரிக்கும் நீட் உண்டு என்று தீர்ப்பாயிற்று. அத்தீர்ப்பு எமக்கு வருத்தமே. ஆயினும் தனித்தேர்வு நடத்திய கல்லூரியெல்லாம் வேலூர் ஆகா. பின்வாயிலில் நன்கொடை வாங்கி முன்வாயிலில் தேர்வு நடத்திய கல்லூரிகள் மலிந்ததனாலன்றோ பொதுப் பரீட்சை வேண்டும் என்று மக்களே கேட்கத் தொடங்கினர்? பிறர் செய்த களவுக்கு வேலூர் அபராதம் கட்டியது என்று சொல்வதே பொருந்தும்.

நம் பெற்றோரைப்பற்றியும் ஒரு சொல். மருத்துவராதல் ஒன்றே பிறவிப் பயன் என்று பிள்ளைக்குப் பத்து வயதிலேயே சொல்லத் தொடங்கிவிடுகின்றோம். நோய் தீர்த்தலை நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து உதவுவான் என நான்கு கூறாக்கினார் வள்ளுவர். நாமோ நான்கில் ஒன்றனையே மதித்து, ஏனை வழிகளிற் செல்வாரைத் தோற்றவராக எண்ணுகின்றோம். செவிலியர் கல்லூரியிற் சேர்ந்த எம் ஒன்றுவிட்ட தமக்கையாரை வீட்டிலே ஆறுதல் சொல்லித்தான் வரவேற்றனர். இன்று அவ்வீட்டிலே யாருக்குக் காய்ச்சல் கண்டாலும் நள்ளிரவில் அவரையே தொலைபேசியில் அழைக்கின்றனர்.

செய்யத்தக்கது பற்றிச் சொல்லி நிறுத்துவோம். நம் கல்லூரியைச் சூழ ஒரு கல் தொலைவுக்குள் அரசுப் பள்ளியும் உதவி பெறும் பள்ளியுமாக ஐந்து உள. அவற்றிலே தமிழ்வழியிற் பதினொன்றாம் வகுப்புப் பயிலும் பிள்ளைகட்குச் சனிக்கிழமை தோறும் காலை பத்து மணி முதல் ஒரு மணிவரை கட்டணமின்றிப் பாடம் நடத்த எண்ணியுள்ளோம். பழைய தமிழ் வினாத்தாள்களை ஆங்கில மூலத்தோடு ஒப்பிட்டு, ஐயமுள்ள சொற்களுக்கு ஓர் அகராதி தொகுக்கும் வேலையைத் தமிழ்ச் சிறப்பு வகுப்பார் எழுவர் ஏற்றிருக்கின்றோம். இதுவரை 300 சொற்கள் தேறியுள்ளன. உதவி பெறும் பள்ளி மாணவர் குறையைச் சர்க்காருக்கு எழுதும் விண்ணப்பத்தின் படி ஒன்று தமிழ்த்துறை அறையிலே வைக்கப்பட்டிருக்கின்றது. பழைய மாணவரும் வந்து கையொப்பம் இடலாம். தாவர நூலுக்கு மூவரும், விலங்கியலுக்கு இருவரும், இரசாயனத்திற்கு ஒருவரும் பெயர் கொடுத்துள்ளனர். அவ்விலங்கியலார் இருவரும் நீட்டை ஈருமுறை எழுதினவர்கள். பௌதிகத்திற்குத்தான் இன்னும் ஆள் கிடைக்கவில்லை.